இஷாவுக்குப் பின் விழித்திருக்கும் கைப்பேசி

விடியற்காலை மக்தபில் பாடம் நடத்தும் உஸ்தாதுமார் யாவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. குர்ஆன் விரிந்திருக்கும், விரல் ஒரு வரியின் மீது நின்றிருக்கும், கண்கள் மட்டும் செருகிக் கிடக்கும். முன்பெல்லாம் இத்தகைய உறக்கத்திற்குக் காரணம் கேட்டால் பிள்ளையே சொல்லிவிடும். மாமி வீட்டுக் கல்யாணம் என்றோ, இரவெல்லாம் மின்சாரம் இல்லை என்றோ பதில் வரும். இன்று கேட்டால், "சும்மாதான் ஹஜ்ரத், தூக்கம் வரல" என்பதோடு முடிந்துவிடுகிறது. பதினான்கு, பதினைந்து வயதில் உறக்கம் வராத நோய் ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளுமா? உறக்கம் வராமல் இல்லை. வந்த உறக்கத்தைத் தள்ளிவைக்கும் பொருள் ஒன்று தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சமூக ஊடகங்களைப் பற்றி நம் மேடைகளிலும் ஜும்ஆ உரைகளிலும் பேசப்படாமல் இல்லை. ஆனால் அப்பேச்சு பெரும்பாலும் ஆபாசக் காட்சிகளோடும் அந்நிய ஆண், பெண் தொடர்போடும் நின்றுவிடுகிறது. அவை அஞ்சத்தக்கவையே, மறுப்பதற்கில்லை. எனினும் அந்த அச்சத்திலேயே நாம் தேங்கிவிட்டதால், "என் பிள்ளை தவறானது எதையும் பார்ப்பதில்லை" என்று அறிந்த மாத்திரத்தில் பெற்றோர் நிம்மதி கொண்டுவிடுகின்றனர். கிராஅத் போட்டிகளையும் பயான்களையும் மட்டுமே பார்க்கும் பிள்ளையாயினும், இரவு ஒரு மணிக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்பிள்ளை நலத்தோடு இல்லை. எதைப் பார்க்கிறது என்ற கேள்வியோடு, எந்நேரத்தில் பார்க்கிறது, பார்த்தபின் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறது என்ற கேள்விகளும் கேட்கப்பட வேண்டும்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்க மருத்துவ வல்லுநர் கூறும் அளவு. ஸுப்ஹுக்காகக் காலை 5 மணிக்கு எழும் பிள்ளை, இரவு 9 மணிக்கே உறங்கியிருந்தால்தான் அந்தக் குறைந்த அளவாவது நிறைவாகும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பருவமெய்தும் வயதில் உடலின் உள்கடிகாரமே சற்றுப் பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. உறக்கம் இயல்பாகவே தாமதித்து வருகிறது. இது சோம்பலோ, அடங்காமையோ அன்று. வளர்ச்சியின் ஓர் இயல்பு. அந்தத் தாமதத்தில் கையில் கைப்பேசி இருந்துவிட்டால், அரைமணி நேரத் தாமதம் மூன்று மணி நேரமாக நீண்டுவிடுகிறது.

ஏன் நீள்கிறது? புத்தகத்தில் அத்தியாயம் முடியும். பத்திரிகையில் கடைசிப் பக்கம் வரும். இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் 'முற்றும்' என்ற சொல்லே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இந்த முடிவில்லாப் பக்கத்தை 2006ஆம் ஆண்டில் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பாரே, பிற்காலத்தில் தாம் செய்ததை எண்ணி வருந்திப் பேசியிருக்கிறார். செய்தவரே வருந்தும் ஒரு பொறியை எதிர்த்துப் பதினான்கு வயதுப் பிள்ளை தன் மனவுறுதியால் மட்டும் வென்றுவர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நீதியன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் விரும்பவில்லை என்பதை அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தெருவிளக்கும் மின்விசிறியும் இல்லாத காலத்தில் சொல்லப்பட்டது என்று சிலர் இதனைக் கடந்து போகக்கூடும். ஆனால் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதனோடு நிறுத்தவில்லை. கல்விக்காகவும் நன்மைக்காகவும் இரவில் பேசியிருப்பதற்குத் தனித் தலைப்பு இட்டார்கள். விருந்தினரோடும் குடும்பத்தாரோடும் பேசியிருப்பதற்கு வேறொரு தலைப்பு இட்டார்கள். இரவுப் பேச்சு முழுவதும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்த நுட்பம் நம் ஊர்களுக்கு மிகவும் வேண்டியது. வாப்பா துபாயில் இருப்பார். மூத்த காக்கா ரியாத்தில் இருப்பார். துபாயில் வேலை முடித்து, சமைத்து உண்டு, இரவு 9 மணிக்கு அவர் அழைக்கும்போது இங்கே 10.30. ரியாத்தில் 9 என்றால் இங்கே 11.30. அமீரகத்தில் வாட்ஸ்அப் குரலழைப்பு நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்ததால் போட்டிம் போன்ற செயலிகளும் நம் வீட்டு உம்மாமார்களுக்கு மனப்பாடமாயின. ஆக, நம் வீடுகளில் கைப்பேசி இரவில் விழித்திருப்பதற்குக் காரணம் இன்ஸ்டாகிராம் அன்று, பாசம். அந்தப் பாசத்திற்காகத்தான் முதலில் அது பிள்ளையின் கைக்கு வந்தது. வாப்பாவோடு பேசி முடித்த பின் கருவி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிடுகிறது. உம்மா உறங்கப் போய்விடுகிறார். 11 மணிக்கு மேல் நடப்பதை அறிந்தவர் யாருமில்லை.

ஆகவே, "கைப்பேசியைப் பிடுங்கி எறியுங்கள்" என்று எழுதுவது எளிது, கேட்பது கடினம். வாப்பாவின் முகத்தைப் பிள்ளை பார்க்கும் சாளரம் அது ஒன்றுதான். வாப்பாவோடு பேசும் அந்த அரைமணி நேரத்தை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அழைப்பு முடிந்ததும் கைப்பேசி உம்மாவின் கைக்குத் திரும்பட்டும் என்பதே வேண்டுகோள். இதனை வாப்பாவே அங்கிருந்து, "உம்மாகிட்டே குடுத்துட்டுத் தூங்கு மகனே" என்று ஸலாம் சொல்லும்போது சொல்லிவிடலாம். உம்மா பத்து முறை சொல்வதினும் அது எடையுள்ளது.

இனி இரண்டாவது செய்தி. இரவு நேரத்தில் தனிமையில் அமர்ந்து பிள்ளை செய்யும் வேலை பெரும்பாலும் எண்ணுவதே. தன் படத்திற்கு எத்தனை லைக், தோழியின் படத்திற்கு எத்தனை. தன் ஸ்டேட்டஸை யார் பார்த்தார், பார்த்தும் யார் மறுமொழி இடவில்லை. வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே இருந்த ஒப்பீடு, இன்று உலகத்தின் அழகிகளோடும் செல்வர்களோடும் நடக்கிறது. அந்த முகங்களோ ஒளியும் பூச்சும் செயலியின் வடிகட்டியும் சேர்ந்து செய்தவை. பிள்ளையின் அறையிலுள்ள கண்ணாடி அத்தகைய உதவி எதுவும் செய்வதில்லை.

பிறருக்கு வழங்கப்பட்ட உலக அலங்காரத்தின் மீது கண்களை நீட்ட வேண்டாம் என்னும் கருத்தைத் தாஹா அத்தியாயத்தின் 131ஆம் வசனத்தில் காண்கிறோம். செல்வத்தில் தமக்கு மேலுள்ளவரைப் பார்க்காமல் கீழுள்ளவரைப் பார்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் நாம் அறிந்ததே. சமூக ஊடகத்தின் அமைப்பு இதற்கு நேர் எதிரானது. கண்ணை மேலே மேலே நீட்டவைத்தால்தான் அதன் வணிகம் நடக்கும்.

இதனை அந்நிறுவனத்தாரே அறிந்திருந்தனர். இன்ஸ்டாகிராமை நடத்தும் பேஸ்புக் நிறுவனத்தின் உள்ளாய்வுத் தாள்களை அங்குப் பணிபுரிந்த பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண்மணி வெளிக்கொணர்ந்தார். 2021 செப்டம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் அவற்றைக் கொண்டு தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. தம் உடலைப் பற்றி மனம் குன்றியிருந்த வேளையில் இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை மேலும் கூட்டியதாக, நூற்றுக்கு 32 பதின்வயதுப் பெண்கள் அந்த ஆய்வில் கூறியிருந்தனர். 2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கை, நாளொன்றுக்கு 3 மணி நேரத்திற்கு மேல் சமூக ஊடகத்தில் கழிக்கும் இளையோர்க்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் தோன்றும் அபாயம் இரு மடங்கு என்று எச்சரித்தது.

நடுநிலை கருதி மறுபக்கத்தையும் கூற வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு, சமூக ஊடகமே ஒட்டுமொத்த இளையோரின் நலக்கேட்டுக்குக் காரணம் என்று முடிவு கட்டப் போதிய சான்று இல்லை என்றது. சோர்ந்திருக்கும் பிள்ளை அதிக நேரம் கைப்பேசியில் ஒதுங்குகிறதா, ஒதுங்குவதால் சோர்கிறதா என்று பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கவும் கூடும். ஆனால் உறக்கம் கெட்டால் மனம் கெடும் என்பதற்கு அறிஞர் குழு கூட வேண்டியதில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்த தாயைக் கேட்டாலே போதும்.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருப்போர்க்கு ஒரு சொல். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கு வந்தது. அதே ஆண்டிலேயே யூடியூப் ஷார்ட்ஸும் வந்தது. கடை மாறியது; சரக்கு மாறவில்லை. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தோர் கணக்கு வைக்கக் கூடாதென 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் குறைந்தோர் விஷயத்தில் பெற்றோர் இசைவைக் கேட்கிறது. 2024இல் தொடங்கி இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் வந்த இன்ஸ்டாகிராமின் இளையோர் கணக்கு, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்பொலிகளை நிறுத்தி வைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்துத் திறந்த கணக்கிற்கு அது எங்ஙனம் உதவும்? பல வீடுகளில் அந்தப் பொய்யான ஆண்டைத் தட்டிக் கொடுத்தவர் மச்சானோ, மாமாவோ, சில வேளை பெற்றோரே கூட.

எச்சரிக்கை பெற்ற பெற்றோர் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகின்றனர். பிள்ளை உறங்கும்போது அதன் விரலை எடுத்துக் கருவியில் வைத்துத் திறப்பது, தோழியரோடு பேசியதை வரி வரியாகப் படிப்பது, மறுநாள் உறவினர் முன்னிலையில் அதைச் சொல்லிக் காட்டுவது! அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும் துருவித் தேடுவதையும் புறம் பேசுவதையும் ஒருங்கே தடுக்கிறது. அவ்வசனம் பக்கத்து வீட்டாருக்கு மட்டுமே என்று எண்ணிக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தத்தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற ஹதீஸும் உண்டே எனலாம். உண்மை. ஆயின் மேய்ப்பவர் பட்டப்பகலில், ஆடுகள் பார்க்க நிற்பவர். திருடனைப் போல் இருளில் வருபவர் அல்லர். "உன் கருவியை வாரம் ஒருமுறை நீயும் நானும் சேர்ந்து பார்ப்போம்" என்று முன்னரே சொல்லி வைத்துப் பார்ப்பது வேறு. களவாகப் பார்ப்பது வேறு. களவாகப் பார்க்கப்பட்ட பிள்ளை திருந்துவதில்லை. இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்துகொள்கிறது.

இந்த ஒற்றாடலும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கே வாய்க்கிறது. ராத்தாவின் கைப்பேசி பறிக்கப்பட்ட அதே வீட்டில், தம்பி மாடியில் விடிய விடிய விளையாடிக்கொண்டிருப்பான், கேட்பாரில்லை. இதன் விளைவு கொடியது. யாரேனும் ஒரு கயவன் அவளது படத்தைத் திரித்து மிரட்டினால், அவள் முதலில் அஞ்சுவது அவனுக்கு அன்று, வாப்பாவுக்கு. "படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற அந்த அச்சமே மிரட்டுபவனின் மூலதனம். "என்ன நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல், உன் படிப்பு நிற்காது" என்ற வாக்குறுதியை நேர்வதற்கு முன்பே கொடுத்து வையுங்கள். இணையக் குற்றங்களுக்கு 1930, சிறார் உதவிக்கு 1098 என்ற எண்கள் உள்ளன. மனச்சோர்வு மிகுந்த பிள்ளைக்கு 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். மனநல மருத்துவரிடம் போவது ஈமானின் குறைவு என்று கருதுவோர் இன்னும் இருக்கின்றனர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பதை அவர்கள் அவ்வாறு கருதுவதில்லை.

பெரியவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பொதுத்தேர்வு முடிவு வெளியான அன்று நம் குடும்பக் குழுக்களைப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல்கள் அணிவகுக்கும். மாஷா அல்லாஹ்கள் குவியும். பட்டியல் வராத வீட்டுப் பிள்ளை அன்று அந்தக் குழுவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கையால் மனிதரை நிறுப்பதை அமெரிக்க நிறுவனம் மட்டுமே கற்பிக்கவில்லை. பள்ளிகளும், ஏன், மதரஸாக்களும் இரவு 10 மணிக்குக் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புகின்றன. அதனை மக்ரிபுக்கு முன் அனுப்பினால் பிள்ளை கைப்பேசியோடு காத்திருக்க வேண்டியதில்லை.

ரமலானில் இச்சிக்கல் இரட்டிப்பாகும். தராவீஹ் முடிந்து ஸஹர் வரை விழித்திருப்பதே வழக்கமாகி, அந்த நேரம் முழுதும் ரீல்ஸுக்குப் போகிறது. இடையில் மூன்று மணி நேரமாவது உறங்கும் வீட்டிற்கும் உறங்காத வீட்டிற்கும் வேறுபாடு மறுநாள் பகல் வகுப்பறையில் தெரிகிறது.

சில வீடுகளில் ஓர் எளிய ஏற்பாடு நடந்துவருகிறது. கூடத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில், ஒரு தட்டு. இரவு வாப்பாவின் அழைப்பு முடிந்ததும் வீட்டிலுள்ள அனைத்துக் கைப்பேசிகளும் அங்கே சார்ஜில் இடப்படும். உம்மாவுடையதும், விடுமுறையில் வந்திருந்தால் வாப்பாவுடையதும். பெரியவர்களுடையது வராவிட்டால் பிள்ளைகளுடையது மூன்றாம் நாள் வராது. இதற்குப் பிள்ளைகள் சொல்லும் முதல் ஆட்சேபம், மறுக்க முடியாதபடி மார்க்கத்தோடு வரும்: "ஸுப்ஹுக்கு அலாரம் வைக்கணுமே!" இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு அலாரம் கடிகாரம் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. அதன் மணியோசை கைப்பேசியினதைவிடப் பெரிது.