கொடைக்கும் ஒரு நடுவர் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகும் ரசிகர்கள் உண்டு. ஆட்டம் முடிந்த பிறகே தங்கள் ஆட்டத்தைத் தொடங்கும் ரசிகர்களும் உண்டு. "அது கோலே இல்லை!" "நடுவருக்குக் கண் தெரியவில்லையா?" என்று தேநீர்க் கடை மூடும் வரை வழக்காடும் இந்த இரண்டாம் வகையினர் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வட டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அங்குள்ள வட டகோட்டா பல்கலைக்கழகத்தின் ஹாக்கி அணிதான் அவர்களுடைய பேச்சும் மூச்சும்.

ஹாக்கி என்றதும் நமக்குத் தயான்சந்தும் புல்தரையும் நினைவுக்கு வரும். அவர்கள் ஆடுவது பனிக்கட்டித் தரையில். காலில் சறுக்குக் காலணி. பந்துக்குப் பதில் ரப்பரால் ஆன தடித்த வில்லை. 1959 முதல் 2016 வரை எட்டு முறை அகில அமெரிக்கக் கல்லூரி வாகைப் பட்டம் வென்ற அணி அது.

அந்த அணியைப் பற்றி எழுந்த வழக்குகள் இரண்டு வகை. ஒன்று, நடுவரின் தீர்ப்பைப் பற்றியது. மற்றொன்று, கோடி கோடியாகக் கொடுத்த ஒரு கொடையாளரைப் பற்றியது. முதல் வகை வழக்கைத் தீர்க்க ஒரு முறை இருந்தது. இரண்டாவதற்கு அது இல்லாமற் போயிற்று. இந்த வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

நீலக்கோட்டில் ஒரு வழக்கு

பனிக்கட்டி ஹாக்கியில் எதிரணியின் எல்லையைக் காட்டும் ஒரு நீலக்கோடு உண்டு. ரப்பர் வில்லை அந்தக் கோட்டைக் கடக்கும் முன் தாக்கும் அணியினர் எவரும் கடக்கக் கூடாது. கடந்தால் ஆஃப்சைடு. 2017 மார்ச் மாதம் ஃபார்கோ நகரில் தேசியப் போட்டி. வட டகோட்டா அணியும் பாஸ்டன் பல்கலைக்கழக அணியும் சமநிலையில் நின்று, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. வட டகோட்டா அணி கோல் அடித்தது. சொந்த மாநிலத்து ரசிகர்கள் ஆர்ப்பரித்தனர். ஆனால் நடுவர்கள் படப்பதிவைத் திரும்பப் பார்த்தார்கள். ஆஃப்சைடு என்று கோலைச் செல்லாததாக்கினார்கள். இரண்டாவது கூடுதல் நேரத்தில் பாஸ்டன் அணி 4-3 என்று வென்றது.

அந்தத் தீர்ப்பு ரசிகர்களுக்கு எப்படிப் பொறுக்கும்? ஆனால் காலம் ஒரு வேடிக்கை செய்தது. 2021 மார்ச்சில் அதே ஃபார்கோவில் மினசோட்டா டுலூத் அணியுடன் ஆட்டம். இம்முறை கூடுதல் நேரத்தில் கோல் அடித்தது எதிரணி. மீண்டும் படப்பதிவு, மீண்டும் ஆஃப்சைடு, மீண்டும் கோல் செல்லாது! முன்பு வட டகோட்டாவை வீழ்த்திய அதே விதி இப்போது அதற்கு உயிர்ப்பிச்சை அளித்தது. ஐந்தாவது கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் டுலூத் அணி 3-2 என்று வென்றது என்பது வேறு கதை.

இதில் நான் காணும் உண்மை இதுதான். விதி ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டது. இரு அணிக்கும் அது ஒன்றே. ஆரவாரத்துக்கு அஞ்சாத ஒருவர் அமைதியாக மறுபடியும் பார்த்தார். ஆகவே தோற்றவனுக்கு நெஞ்சு எரிந்தாலும், தீர்ப்பை விழுங்க முடிந்தது.

ஒரு வள்ளலின் கடிதம்

இனி இரண்டாவது வழக்கு. ரால்ஃப் எங்கல்ஸ்டாட் என்பவர் 1940களின் இறுதியில் அந்தப் பல்கலைக்கழக அணியின் கோல் காவலராக ஆடியவர். பின்னர் லாஸ் வேகாஸ் நகரில் சூதாட்ட விடுதி நடத்திப் பெருஞ்செல்வர் ஆனார். உடல் ஊனமுற்றோர் பலருக்கு வேலை கொடுத்தவர் என்ற நற்பெயரும் அவருக்கு உண்டு. அதே மனிதர் 1986, 1988 ஆகிய ஆண்டுகளில் தம் விடுதியில் ஹிட்லரின் பிறந்தநாளை ஒட்டி விருந்து நடத்தினார் என்ற செய்தி வெளிவந்து நாடே அதிர்ந்தது. தமது செயல் தகாதது என்று அவர் வருத்தம் தெரிவித்தார். நெவாடா மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு 1989இல் அவருக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

அவர்தாம் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கு 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவில் ஒரு ஹாக்கி அரங்கம் கட்டித் தர முன்வந்தார். அக்காலத்தில் அந்த அணியின் பெயர் "ஃபைட்டிங் சூ", அதாவது "போரிடும் சூ மக்கள்". சூ என்பது அம்மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா, லக்கோட்டா மக்களை வெளியார் அழைத்த பெயர். அப்பெயரும் பூர்வகுடி வீரனின் தலை பொறித்த சின்னமும் தங்களை இழிவுபடுத்துகின்றன என்று அம்மக்களில் பலர் கூறிவந்தனர். பெயரை மாற்றலாமா என்று பல்கலைக்கழகத் தலைவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

2000 டிசம்பரில் கொடையாளரிடமிருந்து தலைவருக்கு ஒரு கடிதம் வந்தது. பெயரை மாற்றினால் கட்டட வேலையை நிறுத்திவிடுவேன். இதுவரை செலவிட்ட மூன்றரைக் கோடி டாலர் போனாலும் போகட்டும். கட்டடத்துக்குக் கொடுக்கும் வெப்பத்தை நிறுத்திவிட்டால் குளிர்காலமே அதை அழித்துவிடும் என்பது அதன் சாரம். மறுநாள் மாநில உயர்கல்வி வாரியம் கூடியது. 8-0 என்ற வாக்கில் பழைய பெயரே நீடிக்கும் என்று தீர்மானித்தது!

ஒரு கோலைத் திரும்பப் பார்க்க நேரம் ஒதுக்கும் நாட்டில், ஒரு மக்களினத்தின் முறையீட்டை மூட ஒரே நாள் போதுமானதாக இருந்தது. அந்த 8 வாக்குகள் நியாயத்துக்கு விழுந்தவையா, அச்சத்துக்கு விழுந்தவையா? படிக்கும் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

2001 அக்டோபரில் கொடையாளரின் பெயரிலேயே அரங்கம் திறக்கப்பட்டது. அதன் தரையிலும் இருக்கைகளிலும் ஆயிரக்கணக்கில் அந்தச் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. கையெழுத்தை அழிக்கலாம், கருங்கல்லில் பதித்ததை எளிதில் பெயர்க்க முடியுமா? எங்கல்ஸ்டாட் 2002இல் மறைந்தார். சின்னங்கள் இருந்தன, வழக்கும் இருந்தது.

உரியவரைக் கேட்டீர்களா?

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2005இல் இத்தகைய பெயர்களுக்குத் தடை விதித்தது. பல்கலைக்கழகம் நீதிமன்றம் சென்றது. 2007இல் சமரசம் ஏற்பட்டது. ஸ்பிரிட் லேக், ஸ்டாண்டிங் ராக் ஆகிய இரு பூர்வகுடி அமைப்புகளும் மூன்றாண்டுகளுக்குள் ஒப்புதல் தந்தால் பெயர் நீடிக்கலாம் என்பது ஏற்பாடு. 1930 முதல் வழங்கிய பெயருக்கு அப்பெயர் உடையவர்களின் இசைவைத் தேட முக்கால் நூற்றாண்டு ஆயிற்று!

உண்மையை மறைக்கக் கூடாது. அந்தச் சின்னத்தை வரைந்தவரே ஒரு பூர்வகுடி ஓவியர்தாம். 2009இல் ஸ்பிரிட் லேக் மக்களில் வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் பெயர் நீடிக்கட்டும் என்றே சொன்னார்கள். ஸ்டாண்டிங் ராக் ஒப்புதல் தரவில்லை. ஆக, ஒரே சமூகத்துக்குள்ளும் இரு கருத்து இருந்தது. அதனால்தான் அவர்களைக் கேட்பது இன்றியமையாதது ஆகிறது. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பணம் கொடுப்பவர் முடிவு செய்ய முடியாது. கைதட்டும் ரசிகர்களும் முடிவு செய்ய முடியாது.

2011இல் பெயரைக் காக்க மாநிலம் சட்டமே இயற்றி, அதே ஆண்டில் நீக்கியது. 2012 ஜூனில் வாக்கெடுப்பில் மாநில மக்களே மூன்றில் இரு பங்கினர் பெயரைக் கைவிட இசைந்தனர். 2015இல் "ஃபைட்டிங் ஹாக்ஸ்", அதாவது "போரிடும் பருந்துகள்" என்ற புதுப்பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெயர் போனால் அணியின் வீரமும் போய்விடுமோ? 2016 ஏப்ரலில் அந்த அணி குவினிபியாக் அணியை 5-1 என்று வென்று எட்டாவது முறையாகப் பட்டம் சூடியது. ஆடியவர்கள் கோல் அடித்தார்கள், பெயர் அடிக்கவில்லை!

நன்றி வேறு, அடிமைச்சீட்டு வேறு

"உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா? கொடுத்தவர் சொல்லைக் கேட்பதுதானே முறை?" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பிறர் கொடுத்த பழைய புத்தகத்தில் படித்தவனுக்குக் கொடையின் அருமை தெரியும். கொடுத்த கையை மறப்பவன் மனிதன் அல்லன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, இனி நான் சொல்லும் நிறத்தில்தான் பூக்க வேண்டும் என்று கொடியிடம் கேட்டானா? கேட்டிருந்தால் அவனை வள்ளல் என்று போற்றியிருப்போமா? நன்றி என்பது கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே உள்ளது. அங்கே பெற்றது பல்கலைக்கழகம். விட்டுக்கொடுக்கப்பட்டதோ மூன்றாமவரின் மானம். பிறர் பொருளை எடுத்து நம் நன்றிக்கடனைத் தீர்ப்பது எந்த நியாயம்? வட டகோட்டா பல்கலைக்கழகமும் நம் கல்லூரியைப் போல மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே படிக்கும் பூர்வகுடி மாணவனுக்கும் அது சொந்த வீடு.

ஆகவே கொடைக்கும் ஒரு விதி வேண்டும். அது பணம் வருமுன்பே எழுதப்பட வேண்டும். கல்வெட்டில் கொடையாளரின் பெயர் இருக்கட்டும், ஆட்சேபம் இல்லை. நிறுவனத்தின் முடிவுகளில் அவருக்கு வாக்கு இருக்கக் கூடாது. கட்டட வேலை பாதியில் நின்றுவிடுமே என்ற அச்சம் எந்த வாரியக் கூட்டத்துக்கும் தலைமை தாங்கக் கூடாது.

மாணவ நண்பர்களே! நாளை நம்மிலும் பலர் பட்டம் பெற்று, பதவி பெற்று, பொருள் ஈட்டுவோம். நாம் படித்த இடத்துக்கு ஒரு வகுப்பறையோ, ஒரு குடிநீர்த் தொட்டியோ, நான்கு ஹாக்கி மட்டைகளோ கட்டாயம் கொடுப்போம். கொடுத்துவிட்டு, கணக்கு வழக்கை ஆசிரியர்களிடமும் அன்று படிக்கும் மாணவர்களிடமும் ஒப்படைத்துவிட்டு, பார்வையாளர் வரிசையில் போய் உட்காருவோம். நடுவர் தீர்ப்பு தவறு என்று அங்கிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். அந்த உரிமை மற்ற ரசிகர்களைப் போலவே நமக்கும் உண்டு; அவர்களைவிட அதிகமாக வேண்டாம்.