படம்தானே சார் எல்லாம்!

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடை. எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "ஏன் சார், ஃபேஷன் பத்திரிகைல எல்லாம் படம்தானே? அதுக்கு எதுக்கு சார் ஒரு எடிட்டர்?"

நியாயமான கேள்வி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்னா வின்டூர் கதையைச் சொன்னேன். 1949-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா தினசரிப் பத்திரிகை ஆசிரியர். அம்மணி காலேஜ் பக்கமே போகவில்லை. நியூயார்க்கில் 'ஹார்பர்ஸ் பஜார்' பத்திரிகையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சீட்டைக் கிழித்துவிட்டார்கள். ("நம்மள மாதிரியே சார்!" என்றான். இவனுக்கு இது மூன்றாவது கம்பெனி.) அதே ஊரில் 1988-ல் 'வோக்' ஆசிரியர்! முதல் அட்டையில் பத்தாயிரம் டாலர் மேல்சட்டையும் ஐம்பது டாலர் ஜீன்ஸும் போட்ட ஒரு பெண். பிரஸ்ஸிலிருந்து பதறிப்போய் போன்: "அட்டைப்படம் மாறிப்போச்சா?"

மாறவில்லை. எதுக்குப் பக்கத்தில் எதை வைப்பது... அதுதானப்பா எடிட்டிங். 2025 வரை, 37 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

நம் நாட்டில் இதே வித்தை வம்பில் முடிந்தது. 'வோக் இந்தியா' வந்தது 2007-ல். முதல் ஆசிரியர் பிரியா தன்னா, 2021 வரை அவர்தான். 2008 ஆகஸ்ட் இதழில் சாதாரண ஏழை ஜனங்களையே மாடலாக்கினார்கள். முன்பல் போன பாட்டி, கையில் குழந்தை, அதன் கழுத்தில் எச்சில் வழியாமல் கட்டுகிற துணி, ஃபெண்டி கம்பெனி. நூறு டாலர், அன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம்! வெறுங்காலோடு ஒரு பெரியவர், கையில் இருநூறு டாலர் பர்பெரி குடை. படக்குறிப்பில் குடைக்குப் பேர் உண்டு. பெரியவருக்கு இல்லை. வெறும் 'மனிதர்'.

கண்டனம் கிளம்பியது. "லேசா எடுத்துக்குங்க, ஃபேஷன் பணக்காரங்க சொத்து இல்லை" என்கிற ரீதியில் ஆசிரியர் பதில் சொன்னார். பாதி சரி. எனக்குப் படம் உறுத்தவில்லை சார், குறிப்புதான் உறுத்தியது. பேர் கேட்டு எழுத எத்தனை நிமிஷம் ஆகும்?

பக்கத்தில் எங்கள் தெரு அக்கா, எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். நாள் பூரா வெளிநாட்டு லேபிள்தான் அவருக்கு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்தார்.

"ஏன்ணே, போட்டோ புடிச்சப்புறம் அந்தத் துணியக் கொழந்தைக்கே குடுத்துட்டாங்களா, கழட்டி எடுத்துக்கினாங்களா?"

ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.