ஒரே கட்டுரையை இருமுறை எழுதட்டும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை வினாவோடு முன்னுரை தொடங்கி முடிவுரை வரை உட்தலைப்புகளும் தரப்படுகின்றன. மாணவர் செய்ய வேண்டியது இடையை நிரப்புவதுதான். அதனால் பல வகுப்புகளில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பதே இல்லை. கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள், அல்லது வழிகாட்டி நூலைப் பார்த்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நாற்பது கட்டுரை நோட்டுகளைத் திறந்தால் நாற்பதிலும் ஒரே முன்னுரை. சிவப்பு மையில் சுழித்த சொற்களை ஐந்தைந்து முறை எழுதிக் காட்டினால் திருத்தமும் முடிந்தது. இந்த முறையைக் கைவிட வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து, 2007-இல் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். திட்டமிடுவது, எழுதுவது, திருத்தி எழுதுவது எப்படி என்று படிப்படியாகக் கற்பித்ததில், எழுத்து எவ்வளவு மேம்பட்டது என்பதைக் காட்டும் விளைவின் அளவு (effect size) 0.82. படித்ததைச் சுருக்கி எழுதப் பழக்கியதிலும் அதே அளவு. மாணவர்கள் சேர்ந்து எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துச் சொன்னதில் 0.75. மாதிரிக் கட்டுரைகளைப் பார்த்துப் பழகியதில் 0.25 மட்டுமே. இலக்கணத்தைத் தனியே நடத்தியதில் அளவு பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது.

அந்த எண்களைத் தமிழ் வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. இலக்கணமே வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. "மழை பெய்தது. ஏரி நிறைந்தது. கரை உடைந்தது" என்ற மூன்றையும் "பெய்த மழையில் ஏரி நிறைந்து கரை உடைந்தது" என்று ஒன்றாக்கிப் பார்க்கும் மாணவிக்கு, பெயரெச்சமும் வினையெச்சமும் எதற்கு என்பது எழுதும்போதே பிடிபட்டுவிடும்.

"எங்கள் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு அதிகம்" என்று ஒரு மாணவன் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவன் கேட்கட்டும்: "எத்தனை நாளைக்கு ஒருமுறைடா தண்ணி வரும்?" அடுத்த வரைவில் அந்த வரி மாறும்: "எங்கள் தெருக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை விடியற்காலையில் தண்ணீர் வரும்; அன்றைக்கெல்லாம் அக்கா கல்லூரிப் பேருந்தை விட்டுவிடுவாள்." இந்த வரி எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காது.

ஐந்து பிரிவுகளுக்கு இருநூறு நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியரிடம் இன்னொரு வரைவையும் திருத்தச் சொல்லலாமா? நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாத சீர்திருத்தம் சுற்றறிக்கையோடு நின்றுவிடும். ஆகவே கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். முதல் வரைவை மாணவர்களே மாற்றிப் படிக்கட்டும். ஆசிரியர் இரண்டாவதை மட்டும் பார்க்கட்டும். அதிலும் எல்லாப் பிழைகளையும் சுழிக்காமல், அந்த முறை கற்பித்தது வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இத்தனையும் தேர்வு மாறினால்தான் நடக்கும். தேர்வுத் துறை உட்தலைப்புகளை எடுத்துவிட வேண்டும். மாணவர் தாம் கண்டதை வைத்தே எழுதக்கூடிய தலைப்புகளைத் தர வேண்டும். விடைக்குறிப்பில் சொந்த விவரத்துக்கும் வாதத்துக்கும் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும். மாதிரி வினாத்தாளோடு இந்த அறிவிப்பு ஜூன் மாதமே பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது வந்தால் மாணவர்கள்தான் தவித்துப்போவார்கள்.