சரோஜினி நகரில் வரைய என்ன இல்லை?

தில்லித் தமிழ் வீடுகளில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டியதும், நன்றாக வரைகிற பிள்ளையாகவும் இருந்துவிட்டால், ஒரு பேச்சு கிளம்பிவிடும். காலு சராயிலோ சவுத் எக்ஸ்டென்ஷனிலோ ஒரு கோச்சிங்கில் சேர்த்துவிடுங்கள், இருபது படம் தயார்செய்து கொடுப்பார்கள், அந்த போர்ட்ஃபோலியோ இல்லாவிட்டால் எந்தக் கலைக் கல்லூரியும் திரும்பிக்கூடப் பார்க்காது. சரோஜினி நகர் விநாயகர் கோவில் வாசலில் செருப்பைத் தேடுகிற நேரத்தில்கூட இந்த அறிவுரை கிடைக்கும். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதில் பாதி பொய், மீதி அரைகுறை.

எல்லாரும் போர்ட்ஃபோலியோ கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். பிளஸ் டூ முடித்தவர்களில் பெரும்பாலோர் குறிவைக்கும் இடங்களைப் பாருங்கள். 1986-இல் தொடங்கிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்ட், இளநிலை வடிவமைப்புக்குப் படைப்புத்திறன் தேர்வும் பொதுத்திறன் தேர்வும் வைக்கிறது. அடுத்த கட்டத்தில் சில பொருட்களைக் கையில் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஒன்றைச் செய்துகாட்டச் சொல்கிறது. தேசிய வடிவமைப்புக் கழகமான என்.ஐ.டி. முதல்நிலைத் தேர்வு வைத்துப் பிறகு ஸ்டுடியோ தேர்வுக்கு அழைக்கிறது. ஐ.ஐ.டி.க்களின் வடிவமைப்புப் படிப்புக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு. இவை எதிலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் படக்கட்டு இளநிலைச் சேர்க்கையைத் தீர்மானிப்பதில்லை. அது கணக்கில் வருவது என்.ஐ.டி.யின் முதுநிலை நேர்காணல் போன்ற இடங்களிலும், சில தனியார் கல்லூரிகளிலும், வெளிநாட்டிலும். ஆகவே பிள்ளை எங்கே விண்ணப்பிக்கப் போகிறது என்று கேட்காமலேயே போர்ட்ஃபோலியோவுக்குப் பணம் வாங்குகிற இடத்தில் கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

சரி, உண்மையிலேயே தேவைப்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது வருகிறது அடுத்த வாதம்: படம் அச்சு அசல் போட்டோ மாதிரி இருக்க வேண்டும். இதை நம்பித்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் 4பி, 6பி பென்சிலைத் தேய்த்து நடிகர்களின் முகத்தை ஷேடிங் செய்கிறார்கள். ஒரு பெரிய கண், அதிலிருந்து வழியும் ஒரு சொட்டுக் கண்ணீர். இந்தப் படத்தை வரையாத கோச்சிங் மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தேர்வாளர் இதே கண்ணை எத்தனை கட்டுகளில் பார்த்திருப்பார் என்று யாராவது யோசிக்க வேண்டாமா?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரி பல ஆண்டுகளாக விண்ணப்பதாரர்களை ஒரு சைக்கிள் வரைந்து அனுப்பச் சொன்னது. பார்க்க அற்பமான கேள்வி. வரைய உட்கார்ந்தால் தெரியும். சற்றுத் திரும்பி நிற்கும் சக்கரம் வட்டமாக இருக்காது. சங்கிலி எந்தப் பல்சக்கரத்திலிருந்து எங்கே போகிறது, பெடல் எதில் மாட்டியிருக்கிறது என்பதை உற்றுப் பார்க்காதவரின் சைக்கிள் காகிதத்திலேயே ஓடாது. கல்லூரிக்குத் தெரிய வேண்டியது, இந்தப் பிள்ளை நேரில் பார்க்கிறதா என்பது. ஷேடிங்கின் வழவழப்பில் அது தெரியாது.

இதற்காக போட்டோவைத் தொடுவதே பாவம் என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டியதில்லை. காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 வாக்கில், ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தியை வரிசை வரிசையாகக் கோட்டோவியங்களில் வரைந்தார். 1938-இல் பிறந்தவர் காந்தியை உட்காரவைத்து வரைந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் எந்தப் புகைப்படத்தையும் நினைக்கவில்லை. அந்தக் கோட்டைத்தான் நினைத்தார்கள்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வாதம் வேறு: 'இங்கே வரைய என்ன இருக்கிறது? மார்க்கெட்டும் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸும்தானே.' சரோஜினி நகரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகள் மலையாகக் குவிந்திருக்க, அதன்மேலேயே ஏறி நின்று விலை கூவுகிறவரின் முழங்கால் எப்படி மடிகிறது? ஹேங்கரில் தொங்கும் ஐம்பது உடைகளில் துணிக்குத் துணி மடிப்பு எப்படி மாறுகிறது? துணி மடிப்பை வரையக் கற்க ஐரோப்பிய மாணவர்கள் நாற்காலிமேல் போர்வையைப் போட்டுவைத்துப் பாடுபட்டார்கள். இங்கே அது தெருவெல்லாம் தொங்குகிறது. கூட்டம் வேண்டாமென்றால் கடைகள் அடைத்திருக்கும் திங்கட்கிழமை போகலாம்; இறக்கிய ஷட்டர்களும் வெறும் கம்பிகளும் வேறொரு படம்.

குவார்ட்டர்ஸ் விஷயமோ இன்னும் கனமானது. ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சரோஜினி நகர் அதில் ஒன்று. 2018-இல் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டுப்படப் போகின்றன என்று தெரிந்ததும் மக்கள் தெருவுக்கு வந்து மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தில்லி உயர் நீதிமன்றம் வெட்டுவதற்குத் தடை விதித்தது. தாழ்ந்த பழைய வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழும்பும் ஒரு வட்டாரத்தில் வளர்கிற பிள்ளை, தன் பிளாக்கின் மாடிப்படியையும், துணி காயும் கொடியையும், தப்பி நிற்கும் ஒரு வேப்பமரத்தையும் ஓராண்டு விடாமல் வரைந்தால், அதைவிடச் சொந்தமான போர்ட்ஃபோலியோவை எந்தக் கோச்சிங் தயாரித்துக் கொடுத்துவிடும்?

இதற்கு எதிராக ஓர் உதாரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். மைசூர்த் தமிழ்க் குடும்பத்தில் 1921-இல் பிறந்த கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண், ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததையெல்லாம் வரைந்து வளர்ந்தவர்: காய்ந்த குச்சிகள், விறகு வெட்டும் வேலையாள், எதிர்வீட்டுக் கூரையில் விதவிதமாக உட்காரும் காக்கைகள். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளி அவர் விண்ணப்பத்தை நிராகரித்தது. அங்கே மாணவராகும் அளவுக்குத் திறமை இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் ஜன்னல் காக்கை தோற்றுப்போனதா? அந்த வாசலில், ஆம். பிளாஸ்டர் சிலையைப் பார்த்து நுணுக்கமாக வரைவதே பயிற்சி என்றிருந்த காலனியக் கலைப் பள்ளி மரபின் வாசல் அது. அந்த அளவுகோலை அந்த வகைப் பள்ளிகளே பின்னர் பெருமளவு தளர்த்திவிட்டன. நம் கோச்சிங் வகுப்புகள் மட்டும் அதை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எண்ணிக்கை பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரோட் ஐலண்ட் கேட்பதே பன்னிரண்டிலிருந்து இருபது வரை. நீர்வண்ணம் ஒன்று, ஆயில் ஒன்று, சார்கோல் ஒன்று, களிமண் ஒன்று என்று கல்யாண இலை மாதிரி எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைக்க வேண்டியதில்லை. பலவீனமான ஆறு படம் பலமான பன்னிரண்டையும் கீழே இழுக்கும். முடித்த படங்களோடு, அடித்துத் திருத்திய ஸ்கெட்ச் புக் பக்கங்கள் இரண்டு மூன்றை வைப்பது நல்லது; யோசனை எங்கே திரும்பியது என்பது அங்கேதான் தெரியும்.

கடைசி வாதத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை: மாஸ்டர் கொஞ்சம் 'டச்' கொடுத்துவிடுவார். மூக்கைத் திருத்துவார், பின்னணியை நிரப்புவார், சில சமயம் முழுப் படமும் அவருடையதே. கல்லூரிக்கு இது தெரியாது என்று நினைப்பதுதான் வேடிக்கை. வரிசையாக வைத்த பத்துப் படங்களில் இரண்டு கைகள் வேலைசெய்திருந்தால், தொழிலாக வரைகிறவர் கண்ணில் படாமல் போகாது. நேர்காணலில் கேள்வியும் எளிமையாகவே வரும்: இந்த மூலையை ஏன் வெறுமையாக விட்டீர்கள்? முதலில் எதை வரைந்தீர்கள்? வரைந்தவருக்கு இது அரட்டை. வரையாதவர் 'பேலன்ஸுக்காக' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அடுத்து ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் நீட்டப்படலாம். அந்த அறைக்குள் மாஸ்டர் வர முடியாது.