கீழ் நாதத்துக்கு ஒரு சிறு பெட்டி

ஸ்ரீரங்கத்திலிருந்து தாயார் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகன் கல்லூரி மாணவர். காவிரிப் பாலத்தைக் கடந்து வந்து, நகரத்து ஆலயமொன்றின் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் பேஸ் கித்தார் வாசிக்கிறார். குழுவுக்கென ஓர் ஆம்ப்ளிபயர் வாங்கப் பங்கு மக்கள் கொடுத்த பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறதாம். அதனோடு தம் சேமிப்பையும், தங்கையின் படிப்புக்கென வீட்டில் ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியையும் சேர்த்து, பெரியதொரு வால்வு ஆம்ப்ளிபயரை வாங்கிவிட வேண்டுமென்று மகன் பிடிவாதமாக நிற்கிறார். பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் ஒலி அதில்தான் வரும் என்பது அவர் கட்சி. “கோவிலுக்கு எதற்கு இந்த உறுமல்?” என்பது தந்தையின் கட்சி. இருவருக்கும் இரண்டு வாரமாகப் பேச்சில்லை. பையன் கேட்பது நியாயந்தானா என்று தாயார் வினவுகிறார்.

பாதி நியாயம் என்போம். பழைய ஒலியை அவர் விரும்புவது முற்றிலும் சரி. அதற்குப் பெரிய பெட்டி வேண்டும் என்று நினைப்பதுதான் தவறு.

முதலில் தந்தையின் தடையைப் பார்ப்போம். 1963-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனுக்குத் தனி மதிப்பளித்துவிட்டு, தூய வழிபாட்டுக்கு ஏற்றவையாக அமையும் பிற கருவிகளையும் உரிய மறைத் தலைமையின் இசைவோடு பயன்படுத்தலாம் என்று வழி திறந்துவிட்டது. 1967-இல் உரோமையிலிருந்து வந்த திருவழிபாட்டு இசை பற்றிய போதனை இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. கருவிகள் பாடுவோரின் குரலைத் தாங்க வேண்டும். பாடலின் சொற்கள் விளங்காதபடி குரலை மூழ்கடிக்கலாகாது. குருவானவர் தமக்குரிய பகுதியை உரக்கச் சொல்லும்போது கருவிகள் அடங்கிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. பேஸ் கித்தாருக்கு அங்கே தடையில்லை. சொல் மூழ்கக் கூடாது என்பதொன்றே நிபந்தனை. இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். (நம் திருச்சியில் 1977-ஆம் ஆண்டிலேயே கலைக் காவிரி தோன்றி, வீணையும் மிருதங்கமும் பரதமும் நற்செய்திப் பணிக்கு உரியவையே என்று காட்டியிருக்கிறது. கருவி எந்த நாட்டது என்ற வழக்கை நம் ஊரில் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.)

இனி, அந்தப் பழைய ஒலி எது? திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய ஆண்டு 1939. அதன் பின் பல ஆண்டுகள் நம் வீடுகளில் பாட்டுக் கேட்டவர்கள் எல்லாரும் வால்வு ரேடியோவில்தான் கேட்டார்கள். சுவிச்சைப் போட்டதும் பேசாது. வால்வு சூடேறிய பிறகுதான் மெல்ல வாய் திறக்கும். கூரிய ஓசைகள் மழுங்கி, நடுத்தர ஓசைகள் பருத்து, குரல் உருண்டையாக வரும். அந்த உருட்சியையே இன்றைய இளைஞர்கள் பழைய ஒலி என்று தேடுகிறார்கள். இளையராஜாவின் 1970, 80-களின் பாடல்களில் பேஸ் கித்தார் பாட்டுக்கு அடியில் தனியொரு பாட்டாக ஓடுவதைக் கேட்டு வளர்ந்த தமிழ்ச் செவிகளுக்கு இந்த ஆசை வருவது இயல்பே.

மின்சாரப் பேஸ் கித்தாரை 1951-இல் லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கேற்ற பெட்டிகளில் பெரும் புகழ் பெற்றது, 1960-இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட பி-15 போர்ட்டாஃபிளெக்ஸ். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வேலை முடிந்ததும் வால்வுப் பகுதியைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடித் தூக்கிச் செல்லலாம். அதன் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 25 வாட்! பழைய ஒலி என்று உலகமே கொண்டாடுவது இத்தனை சிறிய பெட்டியின் ஒலியைத்தான்.

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) மேடைகளில் இந்த பி-15-ஐப் பயன்படுத்தினார். ஒலிப்பதிவுக் கூடத்திலோ அவருடைய கித்தாரைப் பெரும்பாலும் பெட்டி எதுவுமின்றி நேரே பதிவுக் கருவியில் இணைத்தார்கள். அப்படியிருந்தும் ஒலி அவருடையதாகவே இருந்தது. வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். கித்தாரில் தட்டைச் சுற்றுத் தந்திகளைப் பூட்டியிருந்தார். அவை அறுந்தாலன்றி மாற்றமாட்டார். தந்திகளுக்கடியில், பாலத்தருகே, ஒரு துண்டு நுரைப் பஞ்சு இருக்கும். நம் ஸ்ரீரங்கத்து மாணவர் தேடும் ஒலியில் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கிறது. தட்டைச் சுற்றுத் தந்திகளுக்கு ஆகும் செலவு ஆம்ப்ளிபயரின் விலையில் சிறு பகுதியே. நுரைப் பஞ்சுக்கு அதுவும் இல்லை.

1969-இல் அதே நிறுவனம் 300 வாட் ஆற்றலுள்ள வால்வுப் பெருக்கியை வெளியிட்டது. திறந்த வெளியில் பல்லாயிரம் பேருக்கு முன் வாசிக்கும் குழுக்களுக்காக அமைந்தது அது. மேற்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டி 60 கிலோவுக்கு மேல். பழைய ஆலயங்களின் பாடகர் மாடத்துக்கு ஏறும் குறுகிய படிக்கட்டில் இதை யார் சுமப்பது? மேலும் 30 வாட்டை 300 வாட்டாக்கினால் ஒலி பத்து மடங்காகும் என்று எண்ணுவது பலருக்கும் உள்ள மயக்கம். கணக்குப்படி அது பத்து டெசிபெல் உயர்வு. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு உரப்பாகத் தோன்றும், அவ்வளவே.

நம் ஆலயங்களின் அமைப்பை எண்ணிப் பார்த்தால் அந்த இரண்டு மடங்கும் வேண்டாம் என்று தோன்றும். தூய வளனார் கல்லூரியருகே உள்ள லூர்து அன்னை ஆலயமோ, மேலப்புதூர் மரியன்னை பேராலயமோ, பாலக்கரை சகாய மாதா ஆலயமோ, எதை எடுத்தாலும் உயர்ந்த கூரை, கனத்த சுவர். பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். பங்கு மக்கள் ஆலயம் நிறைய அமர்ந்தால் அவர்களுடைய உடையும் உடலும் கூரிய ஓசைகளை உறிஞ்சிக்கொள்ளும். தாழ்ந்த ஓசையை அவை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. ஆகவே சனிக்கிழமை மாலை வெற்று ஆலயத்தில் ஒத்திகை பார்த்துச் சரியென்று வைத்த அளவு, ஞாயிறு காலைத் திருப்பலியில் தெளிவின்றி முழங்கும். “உறுமல்” என்று அந்தத் தந்தை சொன்னது இதைத்தான்; அவர் செவியில் குறையில்லை.

கல் மண்டபத்தில் தந்திக் கருவியை எப்படி ஒலிக்கவிடுவது என்பதற்கு ஸ்ரீரங்கவாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரங்கநாதர் ஆலயத்தில் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின்போது, நம்பெருமாள் கருவறைக்குத் திரும்புகையில் வீணை வாசிப்பது நெடுங்கால வழக்கு. வீணை ஏகாந்தம் என்பர். அடக்கமான கருவி, ஒரு மீட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சுவர்கள் மறுமொழி சொல்ல இடம் விடுகிறது. அண்டை வீட்டாரிடம் இதைக் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கமென்ன?

ஆகவே எதை வாங்குவது? ஸ்பீக்கர் பெட்டி செய்வோரிடையே ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. சிறிய பெட்டி, மிகத் தாழ்ந்த நாதம், குறைந்த மின்னாற்றலில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரே பெட்டியில் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இங்குதான் மாணவருக்கு நற்செய்தி இருக்கிறது. பழைய பெட்டிகள் அந்த 41 அதிர்வைப் பெரிதாகத் தந்தவையல்ல. அதன் மேல் எழும் 82, 123 ஆகிய துணை அதிர்வுகளையே நன்றாகத் தந்தன. அவற்றைக் கேட்ட நம் செவி அடிநாதத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆழ்ந்த நாதத்தை விட்டுக்கொடுப்பதால் பழைய ஒலிக்குக் குறைவேதும் வராது. சிறு பெட்டியே போதும். ஆலயத்தின் முழக்கமும் அதனால் தணியும்.

இன்றைய கிளாஸ் டி வகைப் பெருக்கிகள் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குவது மிகக் குறைவு. இரண்டு மூன்று கிலோ எடையில், தோள் பையில் அடங்குபவை கிடைக்கின்றன. 1980-களில் பிறந்த நியோடிமியம் காந்தத்தால் ஸ்பீக்கர்களும் எடை குறைந்துவிட்டன. பன்னிரண்டு அல்லது பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றுடைய பெட்டியும், 200 முதல் 300 வாட் வரையுள்ள சிறு பெருக்கியும் ஆலயத்துக்கு வேண்டியதைவிட அதிகமே. (அளவு மிகுந்தால் தேய்ந்தா போகும்? குமிழைக் குறைத்து வைத்தால் போயிற்று.) முன்பகுதியில் ஒரு வால்வு உள்ள வகையும் உண்டு, விலை கட்டுப்படியானால் வாங்கலாம். கட்டுப்படியாகாவிட்டால் அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுவதே மேல் என்பது நம் கருத்து. பெருக்கியும் பெட்டியும் எத்தனை ஓம் என்பதைப் பார்த்துப் பொருத்த வேண்டும். எட்டு ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் நான்கு ஓம் ஆகும். அதற்குக் கீழே போகப் பல பெருக்கிகள் இடந்தரா.

கடைக்குப் போகும்போது மாணவர் தம் கித்தாரையே எடுத்துச் செல்லட்டும். பாடத் தெரிந்த நண்பர் ஒருவரையும் அழைத்துச் செல்லட்டும். கூரிய ஓசை தரும் சிறு ஸ்பீக்கர் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். தாழ்ந்த ஓசைக் குமிழை ஏற்றி, நடு ஓசையை இறக்கி வாசித்தால் தனியே கேட்க இனிமையாகத்தான் இருக்கும். நான்கு பேர் பாடத் தொடங்கியதும் அது எங்கோ மறைந்துவிடும். நண்பர் பாட, இருபதடி தள்ளி நின்று மூன்றாமவர் கேட்கட்டும். பாட்டின் சொல் புரிந்தால் பெட்டி சரியானது. அந்த மூன்றாமவராகத் தந்தையே சென்றால் மிக நன்று. ஆலயத்தில் பெட்டியை மூலையில் வைக்கலாகாது. மூலைச் சுவர்கள் முழக்கத்தைப் பெருக்கும். மரத் தளமுள்ள மாடமாயின் உறுதியான முக்காலி ஒன்றின் மேல், வாசிப்பவரின் செவியை நோக்கிச் சாய்த்து வைக்கலாம். ஆலயத்தின் தூண்களில் உள்ள ஒலிபெருக்கிகளோடு பேஸ் கித்தாரை இணைக்கவே வேண்டாம்; அவை பிரசங்கத்துக்கென அமைந்தவை.

அசல் பழைய வால்வுப் பெட்டியே வேண்டுமென்று இன்னும் ஆசைப்படுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்ற பெட்டி அந்நாட்டு 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும், இடையில் டிரான்ஸ்பார்மர் வேண்டும். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தேர்ந்தவரன்றி யாரும் திறக்கலாகாது. புதிய பெட்டிக்கும் எர்த் இணைப்பு உள்ள மூன்று முனைச் செருகி இன்றியமையாதது. கித்தாருக்கு ஒரு பிளக்கும் மைக்குக்கு வேறொரு மூலையிலிருந்து இன்னொரு பிளக்குமாக இழுத்திருந்து, ஒன்றில் எர்த் பழுதாயிருந்தால், தந்தியில் கைவைத்தபடி மைக்கில் உதடு படுகிறவருக்கு மின்னதிர்ச்சி நேரலாம். புதுப் பெட்டியை முதன்முதலாக ஆலயத்தில் இணைக்குமுன் மின்பணியாளர் ஒருவரை அழைத்து, மாடத்திலுள்ள பிளக்குகள் அனைத்தையும் சோதித்துவிடும்படி பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.