தொட்டுப் பார்க்காத வைத்தியம்

சேலம், நாமக்கல் பக்கம் கால் முறிவுக்குப் பஞ்சமே இல்லை. லாரி, ரிக் வண்டி, கல்குவாரி, பைபாஸ் ரோடு. இது போதாதென்று ஜாதிக்காரன் தடி. லோடு ஏற்றுகிறவன், கல் உடைக்கிறவன், கூலிக்கு நடந்து போகிறவள் யாரென்று பார்த்தால் பாதி சேரியில்தான் போய் நிற்கும்.

அடிபட்ட காலுக்கு முதல் வைத்தியம் டாக்டரின் கைதான். மூச்சையும் ரத்தப்போக்கையும் கவனித்த பிறகு துணியை வெட்டி விலக்கி இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். ஒன்று குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்புப் பக்கம் முறிவு என்று சந்தேகப்படணும். இடுப்பு முதல் பாதம் வரை விரலால் மெல்ல அழுத்தணும். எலும்பு கரகரக்குதா என்று ஆட்டிப் பார்க்கவே கூடாது. பாதத்தின் மேலே நாடி அடிக்குதா, விரல் அசையுதா, தொடுறது தெரியுதா? தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே இறங்கும். கெண்டைக்கால் இறுகி, விரலை நீட்டினாலே அலறினால் சில மணி நேரத்தில் சதை செத்துப்போகும். எக்ஸ்ரே இதைச் சொல்லாது. கறுத்த தோலில் கன்றினது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நம்ம ஆளுங்களைத் தொட்டே ஆகணும்.

தொடுவது என்பது இந்த நாட்டில் வெறும் மருத்துவச் சொல்லா? 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த தீண்டாமை ஆய்வு, சுகாதார ஊழியர்கள் தலித் வீட்டுக்குள் வர மறுப்பதைப் பதிவு செய்தது. எங்க பெரியப்பாவைக் கட்டையால் அடித்தபோது தூக்கிப்போன ஆஸ்பத்திரியில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். வேட்டியை விலக்கவில்லை. "சதை அடிதான், மாத்திரை போதும்." மூணாம் நாள் வேறிடத்தில் படம் எடுத்தால் முழங்காலுக்குக் கீழே முறிவு.

இது வலியோடு முடியுற சங்கதியில்லை. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். பழைய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும், 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும் இதையே சொல்கின்றன. கொடுங்காயத்துக்கு 7 ஆண்டு வரை சிறை. சாதாரண காயத்துக்கு 1 ஆண்டு வரை. டாக்டர் தொடாமல் எழுதினால் காலோடு வழக்கும் முறிகிறது. ஆதாயம் யாருக்கு? அடித்தவனுக்கு.

நம்ம ஜனங்க கட்டு வைத்தியரிடம் ஓடுவதை மூடத்தனம் என்கிறார்கள். இறுக்கிக் கட்டிக் கால் அழுகிப்போனதும் உண்டுதான். ஆனாலும் அவர் காலை மடியில் வைத்துத் தடவிப் பார்க்கிறாரே!

போலீசுக்காகக் காத்திராமல் சிகிச்சை கொடு என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும் திட்டம் 2021இல் வந்தது. நாமக்கல்லுக்கு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்தது. கட்டடம் வந்தது, காசு வந்தது, கை வரணும். கூட்டம் அதிகம், டாக்டர் குறைவு என்பார்கள். நிஜம்தான். ஆனால் இந்தச் சோதனைக்குச் சில நிமிஷம் போதும்.

தோழர்களே, அடிபட்டவரோடு போனால் கேளுங்கள்: "துணியை விலக்குங்க, ரெண்டு காலையும் பாருங்க, பாதத்து நாடியைப் பாருங்க, பார்த்ததை ஏ.ஆரில் எழுதுங்க." நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் யார் காலானாலும் தொட்டுப் பார்க்கட்டும்.