குறுந்தகட்டின் ஓரம்

தருமபுரி, பாலக்கோடு, அரூர் வட்டாரங்களில் 2000ஆம் ஆண்டிற்குப் பின் நடந்தேறிய நிக்காஹ் வைபவங்கள் பல, குறுந்தகடுகளில் பதிவாகி இன்று பீரோக்களில் உறங்குகின்றன. மறைந்துவிட்ட பெரியவர்களின் குரலும் நடையும் அவற்றில் மட்டுமே எஞ்சியிருக்கும் இல்லங்களும் உண்டு. நிக்காஹ் காட்சி தெளிவாக ஓடியபின், வலீமா விருந்தின்போது படம் உறைந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஏன் பெரும்பாலும் பிற்பகுதியே பழுதாகிறது?

கிராமபோன் இசைத்தட்டுக்கு நேர்மாறாக, குறுந்தகடு நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் படிக்கப்படுகிறது. ஆகவே, இறுதிக் காட்சிகள் ஓரத்தில் அமைகின்றன. அந்த ஓரமே உற்பத்தியில் கடினமான இடம். உருகிய பாலிகார்பனேட் அச்சின் நடுவில் புகுந்து விளிம்புக்கு ஓடுகிறது. தொலைவு கூடக் கூட அது சீராகப் பரவி ஆறுவது அரிது. பதிவு செய்யும் தகடுகளில் சாயத்தையும் நடுவில் இட்டுச் சுழற்றியே பரப்புவர்; அதன் கனம் ஓரத்தில் மாறுபட இடமுண்டு. தகடு சற்றே வளைந்தாலும் கோணல் பெரிதாகத் தெரிவது விளிம்பிலேதான். போதாக்குறைக்கு, நம் விரல்கள் பற்றுவதும் அங்கேயே!

1978இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர் டிஸ்க் 30 செ.மீ. அகலமுடையது. இரு தட்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதில், காற்றும் ஈரமும் புகுந்து உள்ளிருந்த அலுமினியப் படலம் அரித்துப்போனதுண்டு. 1982இல் வெளிவந்த குறுந்தகட்டுக்கு பிலிப்ஸ் 11.5 செ.மீ. போதுமென்றது, சோனி 12 செ.மீ. கேட்டது, பின்னதே நிலைத்தது. கொள்ளளவுக்காக ஓரத்தை நீட்டிய பேரம் அது என்பது என் எண்ணம்.

சிறுத்தால் கொள்ளளவு குறைந்தே தீருமோ? ஃப்ளாப்பியில் அப்படி நேரவில்லை. வளையும் உறைக்குள் இருந்த 5.25 அங்குல வட்டு 1.2 மெகாபைட் கொண்டது. கெட்டியான கூட்டுக்குள் அடங்கிய 3.5 அங்குல வட்டோ 1.44 மெகாபைட். வெப்பத்தால் சிறிய படலம் விரியும் அளவும் சிறிதே. நொய்டாவின் மோசர் பேயர் நிறுவனமும் 5.25 அங்குலத்தில் தொடங்கி, 3.5 அங்குலத்துக்கு மாறி, பின்னரே குறுந்தகடுகளுக்கு வந்தது. 2018இல் அந்நிறுவனத்தைக் கலைக்க ஆணை பிறந்தது.

கேமராவில் பயன்பட்ட 8 செ.மீ. தகடு உங்களிடம் இருந்தால், வாயில்வழி உறிஞ்சும் கருவியில் இடாதீர்கள், சிக்கிக்கொள்ளும். எந்தத் தகட்டையும் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கலாகாது. பின்னர், ஓடும் நிலையில் இருக்கும்போதே கணினியில் ஒரு பிரதியும், வேறொரு வீட்டில் இன்னொரு பிரதியும் எடுத்து வையுங்கள். பிரதி எடுத்ததும் வலீமா வரை ஓட்டிப் பாருங்கள்.